மறுமொழி: அலைன்மென்ட் – ‘இயைபு’ என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். முதுநிலை இணையப் பாடநெறி ஒன்றை மறுவடிவமைப்பதற்கான கையேட்டைத் தமிழில் எழுதும்போது அலைன்மென்ட் (பாடநெறியின் நோக்கமும் கற்றல் செயற்பாடும் தேர்வும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பது) என்பதற்கு எந்தச் சொல்லை ஆளலாம் என்று தொடங்கிய இந்த இழையில் ஒத்திசைவு, நேர்ப்படுத்தல், இணக்கம், முவ்விணக்கம் என நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. ஐந்தாவதாக ‘இயைபு’ என்ற சொல்லை முன்வைக்க விரும்புகிறேன். சொல்லைத் தனியே நிறுத்தி அழகு பார்ப்பதைவிட, மறுவடிவமைப்பில் ஈடுபடுவோர் நாள்தோறும் எழுத நேரும் வாக்கியங்களில் அதை இட்டுப் பார்ப்பதே சரியான சோதனை என்று கருதுகிறேன். அதற்குப் பொருள் முதலில் தெளிவாக வேண்டும் என்பதால், சொல்லுக்கு வருமுன் பொருளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இக்கருத்துக்குக் கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட் என்று பெயரிட்டு 1996இல் கட்டுரை எழுதியவர் கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ். ஹாங்காங்கில் பணியிலிருந்த ஆசிரியர்களுக்கு அவர் நடத்திய பாடம் ஒன்றில், வழக்கமான தேர்வுக்கு மாறாக, கற்ற உளவியல் தம் வகுப்பறையில் எப்படிப் பயன்பட்டது என்பதற்கான சான்றுகளை மாணவர்களே திரட்டித் தரும் பணித்தொகுப்பை வைத்தபோது உருப்பெற்ற கருத்து இது. இதன் வேர் இன்னும் பழையது. மாணவர் தாம் செய்வதன் வழியாகவே கற்கிறார், ஆசிரியர் செய்வதன் வழியாக அல்ல என்பதைக் கல்வியியலாளர் ரால்ஃப் டைலர் 1949இலேயே எழுதியிருக்கிறார். பிக்ஸ் அதனுடன் சேர்த்தது, கற்றல் பேறு (பாடநெறியின் முடிவில் மாணவர் செய்ய வல்லது) எந்த வினையைச் சொல்கிறதோ அதே வினையைக் கற்றல் செயற்பாடும் செய்விக்க வேண்டும், தேர்வும் அதே வினையைக் கேட்க வேண்டும் என்ற வடிவமைப்பு விதி.

ஆய்வு முறையியல் என்ற முதுநிலைப் பாடநெறியை எடுத்துக்கொள்வோம். வெளியான ஓர் ஆய்வின் முறையியலை மாணவர் திறனாய்வு செய்வார் என்று அதன் விவரக் குறிப்பு சொல்கிறது. வாரந்தோறும் ஒரு மணிநேரப் பதிவுரை இருக்கிறது. கலந்துரையாடல் பக்கத்தில் இரண்டு கருத்துகளாவது இடவேண்டும் என்ற விதி இருக்கிறது. இறுதியில் கருதுகோள் என்றால் என்ன, கீழ்க்கண்டவற்றுள் சாரா மாறி எது என்று கேட்கும் பலவுள் தெரிவு வினாக்கள் இருக்கின்றன. விவரக் குறிப்பு திறனாய்வைக் கேட்கிறது, பதிவுரை கேட்டலைக் கேட்கிறது, தேர்வு நினைவுகூர்தலைக் கேட்கிறது. இந்நிலையில் வரையறைகளை மனப்பாடம் செய்யும் மாணவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் மாணவருக்குத் தேர்வே உண்மையான பாடத்திட்டம். தேர்வு எதைக் கேட்கிறதோ அதை அவர் சரியாகவே படித்திருக்கிறார்.

இதை மறுவடிவமைப்பவர் வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குவார். கற்றல் நோக்கத்துக்குச் செயல், நிபந்தனை, அளவுகோல் என மூன்று உறுப்புகள் வேண்டும் என்று ராபர்ட் மேஜர் 1962இல் வகுத்த முறை இங்கே நன்றாகவே உதவுகிறது. முன்பின் படித்திராத ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தால், அதன் மாதிரித் தேர்விலும் அளவீட்டிலும் உள்ள குறைகளைச் சுட்டி, அவை முடிவை எந்த அளவுக்குப் பலவீனப்படுத்துகின்றன என்பதைக் கட்டுரைக்குள்ளிருந்தே சான்று காட்டி மாணவர் எழுதுவார் என்று பேறு திருத்தப்படுகிறது. உடனே தேர்வின் வடிவம் தானாகவே தெரிந்துவிடுகிறது: புதிய கட்டுரை ஒன்றுக்கு ஒரு திறனாய்வு. அதற்கு முந்தைய வாரங்களில், முதலில் ஆசிரியர் ஓரக்குறிப்பு இட்டுத் திறனாய்ந்த கட்டுரை ஒன்றை மாணவர் படிக்கிறார், பிறகு பலர் சேர்ந்து ஒரே கட்டுரைக்கு ஓரக்குறிப்பு இடுகிறார்கள், பிறகு இருவர் இருவராக, கடைசியில் தனியாக. பதிவுரை, அந்தந்த வாரத் திறனாய்வுக்குத் தேவையான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பதிவுரையைச் சுருக்குவது பற்றி இடையே ஒரு சொல். எட்எக்ஸ் என்ற இணையப் பாடநெறித் தளத்தில் காணொளிகள் பார்க்கப்பட்ட விதத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, மாணவரின் கவனத்தைக் குறுகிய காணொளிகளே அதிகம் பிடித்து வைக்கின்றன என்றும், ஆறு நிமிடங்களுக்குள் முடிவது நல்லது என்றும் கூறியது. அதன்பின் பல இடங்களில் மறுவடிவமைப்பு என்பது ஒரு மணிநேர உரையைப் பத்துத் துண்டுகளாக வெட்டுவது என்றே ஆகிவிட்டது. துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மாணவர் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கிறார், திறனாய்வு செய்யவில்லை. நாம் சொல் தேடும் கருத்து சுட்டுவது இந்த இடைவெளியைத்தான்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

> ஒத்திசைவு எல்லோருக்கும் தெரிந்த சொல். இருக்கும்போது இன்னொன்றைத் தேடுவானேன்?

ஒத்திசைவு நல்ல சொல்தான். பிற துறைகளில் ஒருவேளை அதுவே போதும். ஆனால் கணினிப் பயன்பாட்டில் சிங்க் (ஒரே நேரத்தில் இணைந்து இயங்குதல்) என்பதற்கு அச்சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. இணையவழிக் கல்வி பற்றி எழுதுவோர், எல்லோரும் ஒரே நேரத்தில் கூடும் வகுப்பை ஒத்திசைவு வகுப்பு என்றும், அவரவர் நேரத்தில் படிப்பதை ஒத்திசைவற்ற வகுப்பு என்றும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நம் கையேட்டில் இரண்டு கருத்துகளும் ஒரே பக்கத்தில், சில வேளை ஒரே வாக்கியத்தில் வரும். மூன்றாம் வாரச் செயற்பாடு ஒத்திசைவற்றது என்று எழுதினால், அது மாணவர் விரும்பிய நேரத்தில் செய்யக்கூடியது என்று பொருளா, கற்றல் பேற்றோடு பொருந்தாதது என்று பொருளா? முன்னது ஏற்பாட்டைத் தெரிவிக்கும் குறிப்பு. பின்னது குறையைச் சுட்டும் தீர்ப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதும் கையேட்டை நம்பி யாரும் பாடநெறியைத் திருத்த முடியாது.

நேர்ப்படுத்தலை விட்டுவிடுவதற்குக் காரணம் இவ்வளவு நீளமானதன்று. பத்தியை இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ ஒதுக்கும் பொத்தான் கற்றல் மேலாண்மைத் தளங்களின் எழுதுபெட்டியிலேயே இருக்கிறது. அதற்கும் இதே வகைச் சொற்கள்தாம் வழங்குகின்றன. தவிர, பொருள்களை ஒரு கோட்டில் நிறுத்தும் படத்தையே அச்சொல் மனத்தில் எழுப்புகிறது. பேறும் செயற்பாடும் தேர்வும் ஒரே வினையில் கூடவேண்டும் என்பது அதில் தொனிக்கவில்லை.

> பேறு, செயற்பாடு, தேர்வு என மூன்று இருப்பதால் முவ்விணக்கம் என்றால் பொருள் சொல்லிலேயே விளங்கும்.

விளங்கும், ஆனால் எண்ணிக்கையைச் சொல்லுக்குள் பூட்டிவிடுவோம். இணையப் பாடநெறிகளை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் குவாலிட்டி மேட்டர்ஸ் வரைசட்டம் இதே கருத்தை ஐந்து உறுப்புகளுக்கு விரிக்கிறது: கற்றல் நோக்கம், தேர்வு, கற்றல் பொருள்கள், செயற்பாடுகள், தொழில்நுட்பம். ஓரக்குறிப்பு இடும் வசதியே இல்லாத தளத்தில் மேலே சொன்ன செயற்பாட்டை வைக்க முடியாது என்பதால், தொழில்நுட்பத்தைச் சேர்த்தது நியாயமே. அப்போது முவ்விணக்கத்தை ஐவிணக்கம் என்று மாற்றுவதா?

எண்ணை நீக்கிய இணக்கம் பற்றி எனக்குள்ள தயக்கம் வேறு. அது பாராட்டாக ஒலிக்கிறது. இணக்கமான பாடநெறி என்றால் இதமான, பிணக்கில்லாத பாடநெறி என்று கேட்கிறது. ஆனால் அலைன்மென்ட் தரச்சான்று அன்று. வரையறைகளை நினைவுகூர்வார் என்று பேறு எழுதி, வரையறைகளை ஒப்புவிக்கச் செய்து, வரையறைகளையே தேர்வில் கேட்டால், மூன்றும் பிசகின்றிப் பொருந்திவிடும். முதுநிலைக்குத் தகாத பாடநெறி ஒன்று முழுமையாகப் பொருந்தி நிற்கும். ஆகவே நமக்குத் தேவை உறவை மட்டும் சுட்டும் சொல். நன்று தீது என்ற சாயல் அதில் கூடாது.

இயைபு அத்தகைய சொல் என்பது என் எண்ணம். இயைதல் என்றால் பொருந்துதல். இயைத்தல் என்றால் பொருந்தச் செய்தல். தன்வினையும் பிறவினையும் இப்படி ஓர் எழுத்து வேறுபாட்டில் கிடைப்பது நம் வேலைக்கு மிகவும் உதவும், ஏனென்றால் பாடநெறியின் நிலையையும் வடிவமைப்பாளரின் செயலையும் நாம் ஓயாமல் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. ‘இரண்டாம் பேறும் இறுதித் தேர்வும் இயையவில்லை, தேர்வைப் பேற்றோடு இயைத்த பின்னரே செயற்பாடுகளைத் தொட வேண்டும்.’ இயைந்த செயற்பாடு, இயையாத் தேர்வு, இயைபின்மை, இயைபு அட்டவணை என்று வேண்டிய வடிவங்கள் எல்லாம் இயல்பாகவே பிறக்கின்றன.

மறுப்புகள் வரும் என்று தெரியும். யாப்பு படித்தவர்களுக்கு அடிகளின் ஈறு ஒன்றிவரும் இயைபுத் தொடையும், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எட்டு வனப்புகளுள் ஒன்றான இயைபும் நினைவுக்கு வரும். அவை நம் பொருளுக்கு அயலானவை அல்ல. வேதியியலில் சேர்மத்தில் எவை எந்த அளவில் கலந்துள்ளன என்பதை அதன் இயைபு என்று வழங்குவதே வலுவான மறுப்பு. ஆனால் சேர்மமும் கற்றல் பேறும் ஒரே வாக்கியத்தில் சந்திப்பது அரிது. ஒத்திசைவின் இரு பொருள்களோ ஒவ்வொரு வாரத் திட்டத்திலும் சந்திக்கின்றன. ஒரு சொல்லுக்கு வேறு துறையில் வேறு பொருள் இருப்பதைக் குறையாகக் கொண்டால் கலைச்சொல்லாக்கமே நடக்காது.

இதே சோதனையை மதிப்பீடு என்ற சொல்லுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே நான் வேண்டுமென்றே தேர்வு என்று எழுதிவந்தேன். திறனாய்வுக் கட்டுரையும் பணித்தொகுப்பும் தேர்வு அல்ல என்பதால் அது கையேட்டுக்குப் போதாது. மாணவரின் கற்றலை அளப்பது, பாடநெறி நன்றாக நடந்ததா என்று பார்ப்பது, சிந்தனைத்திறன்களைப் படிகளாக அடுக்கும் புளூம் வகைப்பாட்டின் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆக்குதலுக்கு அடுத்த கீழ்ப்படியில் நிற்கும் சிந்தனைத்திறன் ஆகிய மூன்றையும் நாம் மதிப்பீடு என்றே சொல்கிறோம். ஆடி (ADDIE) எனப்படும் ஐந்துபடி வடிவமைப்பு முறையின் கடைசிப் படி இவற்றுள் இரண்டாவது. ‘மதிப்பிடும் திறனுக்கான மதிப்பீட்டை மதிப்பிடுக’ என்ற வாக்கியம் வேடிக்கைக்காக எழுதியதன்று. நம் கையேட்டின் வரைவில் ஏறக்குறைய அப்படியே ஓரிடம் இருக்கிறது. இலங்கைக் கல்வித்துறை முதலாவதற்குக் கணிப்பீடு என்றும் இரண்டாவதற்கு மதிப்பீடு என்றும் பிரித்து வழங்குவதை நாமும் ஏற்கலாம். தமிழகப் பள்ளிகளில் வேரூன்றிய வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு ஆகிய தொடர்களை மட்டும் மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து; முரண் சிறியது, பழக்கம் பெரியது.

இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் என்பதற்குப் பயிற்றுவிப்பு வடிவமைப்பு என்ற முன்மொழிவில் எனக்கு மாறுபாடு இல்லை. அடையவேண்டிய பேற்றிலிருந்து தொடங்கித் திட்டமிடும் முறைக்குப் பின்னோக்கு வடிவமைப்பு என்பதற்குப் பதில் முடிவுமுதல் வடிவமைப்பு என்று ஒருவர் எழுதியிருந்தது அருமை. பின்னோக்கு என்பது கடந்ததைத் திரும்பிப் பார்ப்பது போலத் தோன்றிவிடுகிறது.

எஞ்சுவது கன்ஸ்ட்ரக்டிவ் என்ற அடை. வரைவில் உள்ள ‘ஆக்கபூர்வ’ என்பதை நீக்கியே ஆகவேண்டும். ஆக்கபூர்வமான விமர்சனம் என்பதில் உள்ள பொருள் இங்கே இல்லை. புரிதலைக் கற்பவரே தம் செயலால் கட்டி எழுப்புகிறார் என்ற கொள்கையைச் சுட்டும் அடை இது. அக்கொள்கையைக் கட்டுருவாக்கம் என்று வழங்குவதை ஒட்டி, முதல் முறை வரும் இடத்தில் கட்டுருவாக்க இயைபு என்று முழுமையாக எழுதிவிட்டு, பிறகு இயைபு என்று மட்டும் எழுதிச் செல்லலாம். கட்டுருவாக்கம் வாய்க்குச் சற்றுப் பெரிய சொல் என்பதை மறுக்கவில்லை. இதைவிடச் சிறியது கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

ஒத்திசைவையோ நேர்ப்படுத்தலையோ இன்னும் விரும்பும் நண்பர்கள், வரைவின் மூன்றாம் வாரத்துக்கான பேறு, செயற்பாடு, கணிப்பீடு ஆகிய மூன்று கட்டங்களையும் அவற்றின் கீழ் வரும் குறிப்பையும் தம் சொல்லை வைத்து முழுமையாக எழுதி இந்த இழையில் இடுமாறு வேண்டுகிறேன். அந்த வாரத்தில் நேரலை வகுப்பும் இருக்கிறது; எனவே ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்.