சிலிக்கான் அலகுக்கூட்டில் 8-க்குப் பதில் 16 அணுக்கள்

வணக்கம். தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வெஸ்டா (VESTA) என்ற படிக அமைப்பு வரையும் மென்பொருளில் சிலிக்கான் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டம்) வரைய மூன்று நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்பேஸ் குரூப் (படிகத்தின் சமச்சீர் வகை) 227, ஆரிஜின் சாய்ஸ் (ஆதிப்புள்ளித் தேர்வு) 2, பக்க நீளம் 5.431 ஆங்ஸ்ட்ராம், அணு 0, 0, 0-இல். எல்லையில் இருப்பவற்றைப் பங்கிட்டு எண்ணியும் 16 வருகிறது. அடுத்தடுத்த அணுக்களின் தூரம் 2.35 இருக்க வேண்டும், காட்டுவது 1.92.

வகுப்பில் படித்தபடி 1/4, 1/4, 1/4 என்று இரண்டாவது அணுவையும் சேர்த்தேன். 48 ஆகி, திரை மாங்காய்க் கூடை மாதிரி நிரம்பிவிட்டது! மென்பொருளை அழித்து மறுபடி போட்டும் அதே கதை. சமச்சீரே வேண்டாமென்று பி1-இல் (சமச்சீர் இல்லாத வகை) எட்டு இடங்களையும் கையால் அடித்தால் மட்டும் சரியாக வருகிறது. அதனால் பக்க நீளத்தில் தப்பில்லை, ஆரிஜின் மேல்தான் சந்தேகம்.

ஆரிஜின் சாய்ஸ் 2-இல் அந்த ஒரு அணுவுக்கு என்ன ஆயத்தொலைவு (x, y, z) கொடுக்க வேண்டும்?