பெயர் மட்டும் போதாது: பின்தொடரப் பரிந்துரைத்ததில் நான் கற்றவை

சமூக ஊடகங்களில் பிறரைப் பரிந்துரைத்த அனுபவத்தை இங்கே பலரும் பகிர்ந்துவருவதால், என்னுடையதையும் எழுதுகிறேன்.

மைக்கா பால்ட்வின் என்பவர் 2009 ஜனவரியில் ட்விட்டரில் தொடங்கிவைத்த, வெள்ளிக்கிழமைதோறும் #FollowFriday என்ற ஹேஷ்டேக்கோடு பின்தொடரத் தக்கவர்களைப் பரிந்துரைக்கும் ‘ஃபாலோ ஃப்ரைடே’ வழக்கம் நன்றாக வேரூன்றிய பிறகுதான் நான் அங்கே கணக்குத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை வந்தால் அந்த ஹேஷ்டேக்கைப் போட்டு, அன்றைய வரம்பான 140 எழுத்துகளுக்குள் எத்தனை பெயர்கள் அடங்குமோ அத்தனையையும் அடுக்கிவிடுவேன். பெயர் இடம்பெற்றவர்கள் நன்றி சொல்வார்கள். அடுத்த வாரம் அவர்களுடைய பட்டியலில் என் பெயர் இருக்கும். அது எங்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலாக இருந்ததே தவிர, ‘நீங்கள் சொன்னதால் இவரைப் படிக்கத் தொடங்கினேன்’ என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதாக நினைவில்லை.

இதை மாற்றியது, எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் என்னைப் பற்றி எழுதிய பதிவு. நான் பிழைதிருத்துவதைத் தொழிலாகக் கொண்டவன். ‘வேலை தேடினான்’ என்பதில் வல்லெழுத்து மிகாமல், ‘வேலையைத் தேடினான்’ என்பதில் மட்டும் மிகுவது ஏன் என்பது போன்றவற்றை அவ்வப்போது எழுதிவந்தேன். அவர் அந்தப் பதிவையே இணைத்து, “இவர் பிழை செய்தவரைக் காட்டிக்கொடுக்காமல் பிழையை மட்டும் காட்டுகிறார். முதலில் இந்த ஒரு பதிவைப் படியுங்கள், பிடித்திருந்தால் பின்தொடருங்கள்” என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து வந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் வந்தவர்கள் கேள்வியோடு வந்தார்கள். அவர்களில் சிலர் இன்றும் என்னோடு உரையாடுகிறார்கள்.

அன்று முதல் வாரத்திற்கு ஒருவரை மட்டுமே பரிந்துரைக்கிறேன். அதற்கு முன் அவருடைய கடந்த ஒரு மாதப் பதிவுகளையாவது முழுமையாகப் படித்துவிடுவேன். எப்போதோ படித்த ஒரு நல்ல பதிவின் நினைவை நம்பிப் பரிந்துரைத்து, அவர் அதற்குள் முற்றிலும் வேறு விஷயங்களுக்குச் சென்றுவிட்டதைப் பிறர் சொல்லி அறிந்து வருந்தியிருக்கிறேன். எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம், யாருக்கு அவருடைய எழுத்து பயன்படும் என்பதைச் சொல்வதோடு, ஒரு நாளைக்கு முப்பது பதிவுகள் போடுபவர் என்றால் அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்து வருபவர்களே நிலைக்கிறார்கள்.

இவ்வளவு கவனம் இருந்தும் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். இரவு விளக்கைத் தேடி வரும் அந்துப்பூச்சிகளைப் படம் எடுத்து, அவற்றின் இனத்தைக் குறித்துவைக்கும் ஒரு பெண்மணியை மிகுந்த மகிழ்ச்சியோடு பரிந்துரைத்தேன். தாம் இனங்கண்டது தவறு என்று பின்னர் தெரிந்தால், பழைய பதிவை நீக்காமல் அதன் கீழேயே திருத்தம் எழுதுவார். அந்த நேர்மையைத்தான் நான் குறிப்பாகப் பாராட்டியிருந்தேன். மறுநாள் காலை அவரிடமிருந்து உள்பெட்டியில் செய்தி வந்தது: “உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் நான் இருபது பேரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.” அதற்குள் தம் கணக்கைப் பூட்டிவிட்டிருந்தார். என் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டேன்; பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். பொதுவெளியில் எழுதுகிறவர் எல்லோரும் கூட்டத்தை எதிர்பார்த்துத்தான் எழுதுகிறார் என்று அதுவரை நானாக எண்ணியிருந்தேன். இப்போது சிறிய கணக்கு எதுவாக இருந்தாலும், “உங்களைப் பற்றி எழுதலாமா?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் கைமாறியதும், பலரைப் போல நானும் மாஸ்டடான் என்ற வேறொரு சமூக ஊடகத்துக்குச் சென்றேன். அங்கே முகப்பு ஓடையில் நாம் தேர்ந்தெடுத்துப் பின்தொடர்பவர்களின் பதிவுகளும் அவர்கள் பகிர்பவையும் கால வரிசையில் வருகின்றன; எதை முதலில் காட்டலாம் என்று கணித்து முன்னால் தள்ளும் ஏற்பாடு அதில் இல்லை. ஆகவே புதிதாக வந்தவருக்கு இன்னொருவர் சொல்லும் இரண்டு வரிகளின் மதிப்பு மிக அதிகம்.

ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகத்தில் 2024 ஜூனில் வந்த ‘தொடக்கத் தொகுப்பு’ என்பது, பின்தொடரத் தக்கவர்கள் என்று ஒருவர் தொகுத்துத் தரும் பட்டியல்; அதில் 150 பேர்வரை சேர்க்கலாம். ஒரே சொடுக்கில் அனைவரையும் பின்தொடரலாம். மொழி ஆர்வலர்கள் என்ற ஒரு தொகுப்பை அப்படி ஏற்றுக்கொண்ட நான், யார் எதற்காக என் ஓடையில் இருக்கிறார் என்று புரியாமல், இரண்டு வாரங்களில் பெரும்பாலோரை விலக்கிவிட்டேன். குறை அந்த மனிதர்களிடம் இல்லை. தொகுத்தவர் ஒருவரைப் பற்றியும் ஒரு சொல்கூட எழுதவில்லை. பின்னர் நானே பன்னிரண்டு பேரைக் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கியபோது, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு தனிப் பதிவு எழுதி, அவற்றை ஓர் இழையாகக் கோத்து அதோடு வெளியிட்டேன். அதற்கு மூன்று மாலைகள் தேவைப்பட்டன.

கடந்த மாதம் அனுமதி கேட்ட நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றார். அவருடைய பதிவுகளை நான் தொடர்ந்து படித்துவருகிறேன். அவருடைய பெயரை இங்கேயும் எழுதவில்லை.