கொத்தவரை தழைக்கிறது, காய் பிடிக்கவில்லை: இயற்கை உரம் எவ்வளவு போடுவது?

செம்மண்புஞ்சை:
25 சென்ட் செம்மண், கார அமில நிலை (pH) 7.9. கொத்தவரையை வரிசைக்கு 45, செடிக்கு 15 செ.மீ. விட்டு ஊன்றியிருக்கிறேன். அடியுரம் 4 டன் தொழு உரம். மாதம் இருமுறை ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் ஊறிய கரைசல்), வாராவாரம் மீன் அமிலத் தெளிப்பு (மீனும் வெல்லமும் நொதித்த சாறு). செடி கரும்பச்சையாக இடுப்புயரம் நிற்கிறது, நுனியெல்லாம் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி). 50 நாளாகியும் காய் சொற்பம்தான். வேரில் முடிச்சுகள் இருக்கின்றன. எலும்புத்தூளும் சாம்பலும் போட்டால் சரியாகுமா?

ஏர்முனை:
உங்கள் செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது. மக்கிய தொழு உரத்தில் சுமார் அரை சதவீதம் தழைச்சத்து உண்டு. 4 டன் என்றால் 20 கிலோ. அத்தனையும் ஒரே பருவத்தில் கரைந்து வராதுதான். ஆனாலும் காற்றிலிருந்து தானே தழைச்சத்து எடுத்துக்கொள்ளும் பயிருக்கு இது மிக அதிகம். போதாததற்கு மீன் அமிலம் வேறு. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் வாழும் வேர்முடிச்சுக்குச் செடி சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துவிடும். பூக்க வேண்டிய நேரத்தில் இலைதான் விடும். அந்த இளந்தளிருக்குத்தான் அசுவினி வருகிறது.

மீன் அமிலத்தை இன்றே நிறுத்துங்கள். அசுவினிக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். அடுத்த பருவத்துக்கு ஒன்றரை டன் தொழு உரம் போதும், இந்தமுறை போட்டதன் மிச்சமும் மண்ணில் இருக்கும்.

விதைநேர்த்தி:
சாம்பல் வேண்டவே வேண்டாம். 7.9 உள்ள மண்ணில் அது காரத்தை இன்னும் ஏற்றும். எருக்குவியலில் கலந்தாலோ அம்மோனியா ஆவியாகிப் போய்விடும். (நிறைய பேர் செய்யும் தவறு இது.) எலும்புத்தூளையும் இந்த மண்ணில் அப்படியே தூவினால் எளிதில் கரையாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாமல் முடிச்சும் வேலை செய்யாது என்பதால் அதை ஊட்டமேற்றித்தான் போட வேண்டும். 250 கிலோ மக்கிய எருவில் 15 கிலோ எலும்புத்தூள், 200 கிராம் பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து, பிழிந்தால் நீர் சொட்டாத ஈரத்தில் நிழலில் குவித்து மூடுங்கள். பத்து நாளுக்கொருமுறை கிளறினால் 30 முதல் 45 நாளில் தயார். வயல் முழுக்க இறைக்காமல் விதைக்கும் சாலில் இடுங்கள்.

ஒரு கிலோ விதைக்கு முதல்நாள் 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நுண்ணுயிர்) கலந்து வையுங்கள். மறுநாள் ஆறிய அரிசிக் கஞ்சியில் 60 கிராம் ரைசோபியத்தை (வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்) குழைத்துப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் ஊன்றுங்கள். சூடான கஞ்சியும் வெயிலும் நுண்ணுயிரைக் கொன்றுவிடும். பூஞ்சாணக்கொல்லி பூசிய கடை விதையானாலும் பலன் இருக்காது. வாங்கும்போது தட்டைப்பயறுக்கான ரைசோபியமா என்று கேளுங்கள். கொத்தவரைக்கும் அவரைக்கும் அதுவே ஏற்றது. மலைப்பகுதியில் போடும் பீன்ஸுக்கு இது ஒட்டாது, அதற்குத் தனி இனம். முடிச்சு வந்தாலும் பீன்ஸ் தழைச்சத்தைக் குறைவாகத்தான் பிடிக்கும், அதனால் அதற்கு மட்டும் எருவைக் கூட்டிப் போடலாம்.

வேர்க்கண்:
முடிச்சு இருக்கிறது என்றீர்களே, அது எந்த முடிச்சு? செடியைப் பிடுங்காதீர்கள், நல்ல முடிச்சு மண்ணிலேயே உதிர்ந்துவிடும். மண்வெட்டியால் கட்டியோடு எடுத்து நீரில் அலசுங்கள். விரலால் நெருடினால் மணிபோல் கழன்று வந்து, கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் வேலை செய்யவில்லை. கழலாமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு (வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத மண்புழுவினம் அல்லாத நுண்புழு).

செம்மண்புஞ்சை:
பத்துச் செடி பார்த்தேன் ஐயா. ஏழில் மணிகள் சிறிதாக, உள்ளே வெள்ளை. வரப்போரம் உள்ள மூன்றில் வேரே வீங்கியிருக்கிறது, கழலவில்லை.

வேர்க்கண்:
அப்படியானால் இரண்டு பிரச்சினையும் இருக்கிறது. ஏழு செடிக்கு ஏர்முனை சொன்னதே மருந்து. வரப்போரத்துச் செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்த மண் ஒட்டிய மண்வெட்டியைக் கழுவாமல் மற்ற பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுத்து அந்தப் பக்கம் தக்காளியோ வெண்டையோ வேண்டாம், ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள். பிறகு கொத்தவரைக்குக் கடைசி உழவில் 25 கிலோ வேப்பம் புண்ணாக்கு. விதைத்த 25ஆம் நாள் மறுபடி வேரைப் பாருங்கள். முடிச்சு சிவந்திருந்தால் மேலுரம் எதுவும் தேவையில்லை, மொட்டு தெரியும்போது 10 லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்ந்த கரைசல்) ஒருமுறை தெளித்தால் போதும்.