ஆர்வோ பேர்ட்: எட்டு வருட மௌனத்துக்குக் காரணம் தணிக்கையா?

கேள்வி:
எதையோ தேடப்போய் 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்' காதில் விழுந்தது. பியானோ மூன்று மூன்று ஸ்வரமாகப் போகிறது, வயலின் நீளமாக இழுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. எழுதிய ஆர்வோ பேர்ட் எஸ்தோனியாக்காரர், 1968-இல் பெரிய பிரச்சினையில் மாட்டினார், 1976 வரை அநேகமாக எதுவும் எழுதவில்லை என்று படித்தேன். சோவியத் அரசுக்குப் பயந்துதான் இப்படி எளிமையாக மாறிவிட்டாரா? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்:
பயந்து மாறியவர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இவருடைய சின்னச் சின்னப் பியானோ உருப்படிகளை நான் வாசிப்பதுண்டு. விரலுக்குச் சுலபம், ஒரு ஸ்வரம் கூடக் குறைய விழுந்தாலும் மொத்தமும் கெட்டுவிடும்.

தாலின் கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், ஹெய்னோ எல்லரிடம் படித்தவர். வயிற்றுப்பாட்டுக்கு எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவாளர் வேலை. 1960-இல் எழுதிய 'நெக்ரோலாக்' எஸ்தோனியாவின் முதல் பன்னிரு ஸ்வர முறைப் படைப்பு (பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு வரிசையில் கோத்து, அந்த வரிசைப்படியே எழுதும் முறை). அதற்கே மேலிடத்தில் திட்டு வாங்கினார். பயப்படுகிறவர் அதோடு நிறுத்தியிருப்பார். இவரோ 1968-இல் 'கிரெடோ' எழுதி, "இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கிறேன்" என்று சோவியத் மேடையிலேயே பாட வைத்தார். நேமே யார்வி இசைக்குழுவை நடத்திய அந்தக் கச்சேரிக்குப் பிறகு 'கிரெடோ'வை மேடையேற்ற விடவில்லை.

ஆனால் மௌனத்துக்குத் தடை மட்டும் காரணம் இல்லை. கையில் இருந்த உத்திகள் அவருக்கே தீர்ந்துபோயிருந்தன. அந்த வருடங்களில் சினிமாவுக்கு இசையமைத்தார், 1971-இல் மூன்றாம் சிம்பொனியும் வந்தது. மற்ற நேரமெல்லாம் கிரெகோரியன் பாடல்களை (தேவாலயங்களின் பழைய ஒற்றை மெட்டுப் பாடல்கள்) படிப்பதும், ஒற்றை வரி மெட்டுகளை நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாக எழுதிப் பார்ப்பதும்தான். சும்மா இருந்த காலம் இல்லை அது.

அதில் கிடைத்ததுதான் 'டின்டினாபுலி' என்ற அவருடைய முறை. ஒரு குரல் ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) படிப்படியாக நடக்கும். இன்னொரு குரல் அந்த ஸ்கேலின் ச-க-ப மூன்றை மட்டுமே தொடும், அதுவும் முதல் குரலுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு கிட்டே என்ற விதிப்படி. பன்னிரு ஸ்வர முறை அளவுக்கே கறாரான கணக்கு. காதுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

1976-இல் வந்த 'ஃபியூர் அலினா'வைப் பாருங்கள். இரண்டே பக்கம். தாளக் குறியீடு கிடையாது. ஒவ்வொரு 'பார்' (கோடு போட்டுப் பிரித்த பகுதி) ஆகப் போகப் போக ஸ்வரம் ஒன்று ஒன்றாகக் கூடும், அப்புறம் அதேபோலக் குறையும். இடது கைக்கு பி மைனரின் மூன்று ஸ்வரங்கள் மட்டும்தான் அனுமதி. ஒரே ஓர் இடத்தில் விதியை மீறி சி ஷார்ப் வரும். அச்சிட்ட இசைக் குறிப்பில் அந்த இடத்தில் ஒரு பூ வரைந்திருக்கும். வாசிக்கும்போது அந்த ஸ்வரத்துக்கு என்னை அறியாமல் கை மெதுவாகிவிடும்.

இன்னொரு பதில்:
நான் 'கான்டஸ்' பக்கம். 1976 டிசம்பரில் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இறந்ததற்கு எழுதிய அஞ்சலி. தந்தி வாத்தியங்களும் ஒரு மணியும் மட்டும். ஏ மைனர் ஸ்கேல், நம் கணக்கில் நடபைரவி, இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் வயலினைவிட இரண்டாம் வயலின் பாதி வேகம், வயோலா அதில் பாதி, செல்லோ அதிலும் பாதி, டபுள் பாஸ் பதினாறில் ஒரு பங்கு. கடைசியில் தந்திகள் நிற்கும்போது மணியின் ரீங்காரம் மட்டும் தெரியும். அடித்ததே காதில் விழாது, அவ்வளவு மெல்ல அடித்திருப்பார்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'கான்டஸ்' இப்போதுதான் கேட்டேன், உடனே இன்னொரு தடவையும் ஓடவிட்டேன். நாட்டை விட்டுப் போனது எப்போது?

முதலில் பதில் எழுதியவர்:
1980-இல் குடும்பத்தோடு வியன்னா, அடுத்த வருடம் பெர்லின். 1984-இல் மான்ஃப்ரெட் ஐக்கர் தன் இசிஎம் இசைத்தட்டு நிறுவனத்தில் 'டாபுலா ராசா' ஆல்பத்தை வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2010-இல் எஸ்தோனியாவுக்கே திரும்பிவிட்டார். லவுலஸ்மாவில் பைன் காட்டுக்குள் அவர் பெயரில் ஒரு மையம் 2018-இல் திறந்தார்கள். மௌன வருடங்களில் எழுதிய அந்த நோட்டுப் புத்தகங்களெல்லாம் அங்கேதான்.

அந்த ஆல்பத்திலேயே 'கான்டஸ்' இருக்கிறது, 'ஃப்ராட்ரெஸ்' இரண்டு வடிவத்தில் இருக்கிறது. அதை முடித்துவிட்டு 'கிரெடோ'வுக்குப் போங்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் சி மேஜர் பிரெலூடை (சின்ன முன்னிசை உருப்படி) எடுத்துவைத்து, அதைச் சுக்குநூறாக்கி, அப்புறம் திரும்பக் கொண்டுவருவார். சத்தத்தைக் குறைக்காமல் கேளுங்கள்.