சூப்பர்சார்ஜருக்குத் தமிழ்ச்சொல்: மிகையூட்டியா, வளியூட்டியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைச் செலுத்தும் கருவியான சூப்பர்சார்ஜரைப் பழைய கார்களிலிருந்து கழற்றியவற்றுள் தேர்ந்தெடுத்து, தாமே சேர்த்துக் கட்டும் எஞ்சினில் பொருத்த விரும்புவோருக்கான கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். கப்பி, பற்சக்கரம், தாங்கி, பெல்ட் என மற்ற உறுப்புகளுக்கெல்லாம் வாசகர் அறிந்த பெயர்கள் இருக்கின்றன. தலைப்பில் நிற்க வேண்டிய கருவிக்குத்தான் ஒருமித்த பெயர் அமையவில்லை. இதுவரை மீயூட்டி, மிகையூட்டி, காற்றமுக்கி ஆகிய மூன்றும் குழுமத்தில் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்காவதாக வளியூட்டி என்னும் சொல்லை முன்வைத்து, அதற்கான காரணங்களைக் கருவியின் இயக்கத்திலிருந்தே சொல்ல விரும்புகிறேன்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது உருளைக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வருகிறது. ஆகவே எவ்வளவு நேர்த்தியாக வடிவமைத்தாலும், உருளைக்குள் புகும் காற்றின் நிறைக்கு வளிமண்டல அழுத்தமே ஏறத்தாழ எல்லையாகிவிடுகிறது. சூப்பர்சார்ஜர் கிராங்க் தண்டின் சுழற்சியைப் பெல்ட் வழியாகப் பெற்று இயங்கி, அந்த எல்லைக்கு மேற்பட்ட அழுத்தத்தில் காற்றை உள்ளே செலுத்துகிறது. காற்று கூடும்போது அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம் என்பதால், அதே கொள்ளளவுள்ள எஞ்சினிலிருந்து கூடுதல் திறன் கிடைக்கிறது.

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. உண்ணுதல் தன்வினை, ஊட்டுதல் பிறவினை. சாதாரண எஞ்சின் காற்றைத் தானே இழுத்து உண்கிறது; சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினுக்குக் காற்று ஊட்டப்படுகிறது. வெளியிலிருந்து ஒரு கருவி காற்றைச் செலுத்துகிறது என்னும் செய்தியை ‘ஊட்டு’ என்ற வினையே சுமந்துவிடுவதால், மீ, மிகை என்னும் முன்னொட்டுகள் தேவைப்படுவதில்லை. மிகை என்பதற்குத் தேவைக்கு மேற்பட்டது என்ற பொருளும் உண்டு என்பதால், முறையாகக் கணக்கிட்டுச் செலுத்தப்படும் காற்றைப் பற்றிப் பேசும் இடத்தில் அது பிறழ்வான எண்ணத்தைத் தரக்கூடும். மீயூட்டி சுருக்கமானதுதான், ஆயினும் எதை ஊட்டுகிறது என்பதை அது சொல்வதில்லை. இன்றைய வாசகருக்குச் சார்ஜர் என்றதும் மின்னேற்றியே நினைவுக்கு வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், ஊட்டப்படுவது காற்று என்பதைப் பெயரிலேயே வைப்பது நல்லது.

காற்றமுக்கி என்ற பரிந்துரையைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளிலிருந்து கழற்றப்பட்டு விற்பனைக்கு வருபவற்றுள் பெரும்பகுதி ரூட்ஸ் வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவியிலிருந்து வந்த அமைப்பு இது. இதில் ஒத்த வடிவமுள்ள இரண்டு சுழலகங்கள் (ரோட்டர்கள்) எதிரெதிர்த் திசைகளில் சுழன்று, தம் இதழ்களுக்கும் உறையின் சுவருக்கும் இடையே அகப்பட்ட காற்றைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் சேர்க்கின்றன. வழியில் அந்தக் காற்றின் கொள்ளளவு குறைவதே இல்லை. வெளிவாயில் திறந்து, அதற்கப்பால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் காற்றைச் சந்திக்கும்போதுதான் அழுத்தம் உயர்கிறது. உள்ளே அமுக்கம் நிகழாத ஒரு கருவியை அமுக்கி என்று அழைப்பது, அதை வாங்க வருபவருக்கு முதல் அடியிலேயே தவறான பாடத்தைக் கற்பிப்பதாகும்.

மாறாக, சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆல்ஃப் லிஷோம் 1930களில் வளர்த்தெடுத்த இரட்டைத் திருகு வகையில், காற்று திருகுகளின் இடைவெளியில் முன்னேறும்போதே அந்த இடைவெளி சுருங்கி, கருவிக்குள்ளேயே அமுக்கம் நிகழ்கிறது. மூன்றாவதான மையவிலக்கு வகையில், மிக விரைவாகச் சுழலும் இதழ்ச்சக்கரம் காற்றை விளிம்பை நோக்கி எறிகிறது. இம்மூன்றுக்கும் பொதுவாக வளியூட்டி என்றும், உள்வகையில் முதலாவதைத் துருத்தி வளியூட்டி, இரண்டாவதைத் திருகு வளியூட்டி, மூன்றாவதை மையவிலக்கு வளியூட்டி என்றும் வழங்கலாமா என்று கேட்கிறேன். ரூட்ஸ் கருவி உலைகளுக்குக் காற்றூதவும் பயன்பட்டிருக்கிறது என்பதால் துருத்தி என்ற நம் பழஞ்சொல் பொருந்தும் என நண்பர் ஒருவர் முன்னரே எழுதியிருந்தார். கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாசிரியர்

மறுமொழி

அன்புள்ள தொகுப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஞ்சின்களைப் பிரித்துக் கட்டும் பட்டறையில் பணியாற்றுபவன் என்ற முறையில், வளியூட்டி என்ற பொதுப்பெயரை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் துருத்தி என்பதை ஏற்க இயலவில்லை. துருத்தியை அழுத்தும்போது அதன் வயிறு சுருங்குகிறது. காற்று அமுங்கி வெளியேறுகிறது. ரூட்ஸ் கருவியில் அது நிகழவில்லை என்று விளக்கிய பிறகு, அதற்கே அந்தப் பெயரைத் தருவது முரணாகிவிடும்.

கையேட்டின் வாசகர் என்ன செய்யப் போகிறார் என்பதிலிருந்து பெயர் வர வேண்டும் என்று கருதுகிறேன். குவிந்து கிடக்கும் உதிரிபாகங்களுக்கு நடுவே ஒரு கருவியைத் தூக்கி, அதன் உள்வாயில் வழியாக விளக்கடித்துப் பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை. அங்கே ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல் அமைந்த, இதழ்கள் கொண்ட இரண்டு சுழலகங்கள் தெரிந்தால் அது ரூட்ஸ் வகை. ஒன்று புடைத்தும் மற்றொன்று குழிந்தும், இதழ் எண்ணிக்கையில் வேறுபட்டும் இருந்தால் அது திருகு வகை. எனவே முதலாவதை இதழ் வளியூட்டி என்று அழைத்தால், கண்ணால் கண்டதும் பெயரும் ஒன்றாகும். இதழ்கள் முறுக்கப்பட்டிருக்கும் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதையும் கையேட்டில் அழுத்திச் சொல்ல வேண்டும். சூப்பர்சார்ஜர் தயாரிக்கும் ஈட்டன் நிறுவனத்தின் எம் வரிசையில் மூன்று இதழ்கள் 60 பாகை முறுக்கத்துடன் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் பிந்தைய டி.வி.எஸ். வரிசையில் நான்கு இதழ்கள் 160 பாகை முறுக்கப்பட்டுள்ளன. பின்னது பார்வைக்குத் திருகு போலவே தோன்றினாலும், இரண்டு சுழலகங்களும் ஒத்திருப்பதால் அது இதழ் வகையே.

அடுத்து, எண்களைப் பற்றி ஒரு சொல் தேவைப்படுகிறது. ஈட்டன் எம்45, எம்62, எம்90, எம்112 ஆகிய பெயர்களிலுள்ள எண், கருவி ஒருமுறை சுழலும்போது கடத்தும் காற்றின் அளவைக் கன அங்குலத்தில் குறிக்கிறது. லிட்டரில் அவை முறையே ஏறத்தாழ 0.74, 1.0, 1.5, 1.8 ஆகும். டொயோட்டாவின் எஸ்.சி.12, எஸ்.சி.14 ஆகியவற்றில் அதே அளவு 1.2, 1.4 லிட்டர் என்று படிக்கப்படுகிறது. டெட்ராய்ட் டீசல் எஞ்சினிலிருந்து வந்த 6-71 கருவியிலோ, 6 என்பது அந்த எஞ்சினின் உருளைகளின் எண்ணிக்கை. 71 என்பது ஓர் உருளையின் கன அங்குலக் கொள்ளளவு. அந்த ஈரடி (டூ-ஸ்ட்ரோக்) டீசல் எஞ்சினுக்கு, எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை நிரப்பவே அந்தக் கருவி வைக்கப்பட்டது. பெயரிலுள்ள எண்ணை எல்லாக் கருவிகளிலும் ஒரே பொருளில் படிப்பவர், தம் எஞ்சினுக்குப் பொருந்தாத அளவை வாங்கி வந்துவிடுவார்.

கழற்றிய கருவியைச் சோதிக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன்; உறுப்புகளின் பெயர்கள் அதிலிருந்தே வரட்டும். கப்பியைக் கையால் மெதுவாகச் சுழற்றினால், சுழலகங்கள் தடையின்றியும் ஓசையின்றியும் சுழல வேண்டும். கப்பித் தண்டுக்கும் சுழலகத்துக்கும் நடுவே உள்ள இணைப்பு உறுப்பு தேய்ந்திருந்தால், முன்னும் பின்னும் அசைக்கும்போது கலகலப்பு கேட்கும். அந்த உறுப்பைத் தனியே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதற்காக மட்டும் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. சுழலகங்களின் மேற்பூச்சு உரிந்திருப்பதும், உறையின் உட்சுவரில் வட்டமாகக் கீறல் விழுந்திருப்பதும் கவலைக்குரியவை. உட்சுவரின் கீறல், தாங்கிகள் தளர்ந்துவிட்டன என்பதையோ ஏதோ ஒரு கடினப்பொருளைக் கருவி விழுங்கியிருக்கிறது என்பதையோ காட்டுகிறது. உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அது எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக வந்ததாக இருக்கலாம், அஞ்ச வேண்டாம். பற்சக்கரப் பெட்டிக்கென உள்ள தனி எண்ணெயைச் சிறிது வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் உலோகத் துகள் மின்னினால் வாங்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ் காரின் எம்45 கருவி, தன் பின்முனைப் பற்சக்கரங்கள் வழியாக எஞ்சினின் நீரேற்றியையும் இயக்குவது. வேறு எஞ்சினுக்கு அதைக் கொண்டுசெல்பவர், அந்தப் பின்முனையை என்ன செய்வது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வளியூட்டி என்பதற்கு எழக்கூடிய ஓர் எதிர்ப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். மீன்தொட்டியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நீருக்குள் காற்றைச் செலுத்தும் கருவியையும் சிலர் வளியூட்டி என்று எழுதுகிறார்கள். இதற்கு என்ன விடை?

நன்றியுடன்,
பட்டறைப் பொறியாளர்

இரண்டாம் மறுமொழி

அன்புள்ள ஐயா,

வணக்கம். இதழ் வளியூட்டி என்பதை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். உள்வாயில் வழியாகப் பார்ப்பவரின் கண்ணிலிருந்து பெயர் வந்திருப்பதால், அந்தச் சொல்லுக்குத் தனி விளக்கமே தேவைப்படாது. இதழ் என்ற சொல்லைச் சுழலகத்துக்குக் கொடுத்துவிட்டபடியால், வால்வை அடைப்பிதழ் என்று எழுதுவதை இந்தக் கையேட்டில் தவிர்க்க வேண்டும்; வால்வு என்றே எழுதுவேன்.

தாங்கள் எழுப்பிய எதிர்ப்புக்கு விடை எளிது. கழிவுநீர்த் தொட்டிகளுக்குக் காற்று தரும் நிலையங்களில் ரூட்ஸ் வகைக் கருவிகளே பரவலாக இயங்குகின்றன. ஒரே அமைப்புள்ள கருவி ஓரிடத்தில் நீருக்கும் மற்றோரிடத்தில் எஞ்சினுக்கும் காற்றை ஊட்டுகிறது என்பதால், பெயர் ஒன்றாயிருப்பது குழப்பத்தைவிட உறவையே காட்டுகிறது. ஐயத்துக்கு இடமுள்ள இடங்களிலும், ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் எஞ்சின் வளியூட்டி என்று முழுப்பெயரை எழுதிவிடலாம்.

ஒரு சுழற்சியில் கடத்தப்படும் காற்றின் அளவுக்குச் சுற்றுக்கொள்ளளவு என்ற சொல்லை முன்வைக்கிறேன். சுற்றளவு என்று சுருக்கினால் வட்டத்தின் விளிம்பு நீளமாகப் பொருள் மாறிவிடும் என்பதால் முழுமையாகவே வழங்க வேண்டும். இச்சொல் இருந்தால் தேர்வுக் கணக்கைத் தெளிவாக எழுத முடிகிறது. 2.0 லிட்டர் நான்கடி (ஃபோர்-ஸ்ட்ரோக்) எஞ்சின் ஒரு சுழற்சிக்கு 1.0 லிட்டர் காற்றை இழுக்கக்கூடியது. அதனுடன் 1.0 லிட்டர் சுற்றுக்கொள்ளளவுள்ள எம்62 கருவியைப் பொருத்தி, கிராங்க் கப்பியின் விட்டத்தை வளியூட்டிக் கப்பியின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காக வைத்தால், கசிவைக் கழிக்காத கணக்கில் எஞ்சினுக்கு ஒன்றரை மடங்கு காற்று போய்ச் சேரும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது வளியூட்டி 9,000 சுற்றில் ஓடும். அதே காற்றை எம்45 கொண்டு பெற வேண்டுமானால் அதை ஏறத்தாழ 12,000 சுற்றுக்குமேல் ஓட்ட வேண்டியிருக்கும். வெப்பமும் தேய்மானமும் கூடும். சிறிய கருவியை விரட்டுவதைவிடச் சற்றுப் பெரிய கருவியை நிதானமாகச் சுழற்றுவதையே கையேடு பரிந்துரைக்கும்.

வெப்பம் பற்றியும் எண்ணோடு சொல்ல வேண்டும். 25 பாகை செல்சியஸ் காற்றின் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கும் ஒரு வளியூட்டியின் வெப்ப இயக்கத் திறன் 60 விழுக்காடு என்று கொண்டால், வெளிவரும் காற்று ஏறத்தாழ 86 பாகையில் இருக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது; எஞ்சினில் நாக்கிங் (எரிபொருள் கலவை முறைதவறித் தானே வெடிப்பது) எழவும் அது வழிசெய்கிறது. ஆகவே வளியூட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே வைக்கப்படும் குளிர்விப்பானுக்கு இடைக்குளிர்விப்பான் என்ற பெயரையும், எஞ்சினின் அமுக்க விகிதத்தை (உருளைக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) குறைப்பது குறித்த ஒரு தனிப் பகுதியையும் சேர்க்கிறேன். இயல்பாகக் காற்றை இழுக்கும் எஞ்சினுக்கென அமைந்த உயர்ந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு வளியூட்டியைப் பொருத்துவது, பிஸ்டன்களைப் பலிகொடுக்கும் செயலாகிவிடலாம்.

எஞ்சியிருப்பது, குறைந்த சுமையில் ஓடும்போது வெளிவாயிலின் காற்றை மீண்டும் உள்வாயிலுக்கே திருப்பிவிடும் வால்வு. புறவழிச்சாலையை எல்லாரும் அறிவர் என்பதால் புறவழி வால்வு என்பதையே வைத்துக்கொள்கிறேன். அது திறந்திருக்கும்போது இதழ் வளியூட்டி எஞ்சினிடமிருந்து மிகக் குறைந்த திறனையே வாங்குகிறது; திருகு வளியூட்டியோ உள்ளே அமுக்குவதை நிறுத்துவதில்லை என்பதால் சற்றுக் கூடுதலாகவே வாங்கிக்கொண்டிருக்கும். வாங்குபவர் அந்த வால்வை இயக்கும் வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சி, உள்ளேயுள்ள சவ்வு காற்றைப் பிடித்து நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்ற வரியை, தங்கள் சோதனைமுறையின் இறுதியில் சேர்த்திருக்கிறேன்.

டர்போசார்ஜரைப் பற்றியும் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். தொடக்கக் காலத்தில் ஆங்கிலத்திலேயே அது டர்போசூப்பர்சார்ஜர் என்று, சூப்பர்சார்ஜரின் ஒரு வகையாகவே வழங்கப்பட்டது. புகைப்போக்கின் விசையால் சுழலும் விசையாழி அதை இயக்குவதால், விசையாழி வளியூட்டி என்பது நம் வரிசையில் இயல்பாக வந்து அமர்கிறது. பெல்ட்டால் இயங்குவதைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் பெல்ட் வளியூட்டி எனலாம். கப்பித் தண்டையும் சுழலகத்தையும் சேர்க்கும் அந்த உறுப்புக்கு இணைப்பி என்று எழுதியிருக்கிறேன். மின்கம்பி இணைப்பிகளோடு அது மயங்குமென்று தாங்கள் கருதினால், பட்டறையில் வழங்கும் வேறு சொல்லைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அடுத்த படியில் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாசிரியர்