ஈ. கோலை சாற்றில் புரதம் வருகிறது, சர்க்கரை மட்டும் ஏறவில்லை

வணக்கம். செல்லே இல்லாமல், ஈ. கோலை பாக்டீரியாவை உடைத்தெடுத்த சாற்றில் சர்க்கரை ஏறிய புரதம் செய்யப் பார்க்கிறேன். 2018-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஒரே குழாய் முறைதான். சர்க்கரையைத் தன் வெளிச்சுவருக்கு இழுத்துக்கொள்ளும் ஜீனை நீக்கிய சிஎல்எம்24 என்ற ஈ. கோலை ரகம். அதில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியாவின், சர்க்கரையைப் புரதத்தில் ஏற்றும் பிஜிஎல்பி என்சைமும், 7 சர்க்கரைகள் கொண்ட சங்கிலியைக் கட்டும் ஜீன்களும் உண்டு. இலக்கு, வால்முனையில் டிகியூஎன்ஏடி வரிசை (சர்க்கரை ஏறும் இடமான ஐந்து அமினோ அமிலங்கள்) சேர்த்த பச்சை ஒளிர்புரதம்.

புரதம் அருமையாக ஒளிர்கிறது. அப்புறம் என்சைமுக்குத் தேவையான மாங்கனீஸ் குளோரைடு சேர்த்து இரவு முழுக்க 30 டிகிரியில் வைத்தும், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை ஒன்றுதான். சங்கிலி ஏறினால் சுமார் 1.4 கிலோடால்டன் (மூலக்கூறு எடை அலகு) மேலே இன்னொன்று தெரிய வேண்டும்.

என் சந்தேகம் சென்ட்ரிஃபியூஜ் மேல்தான். என்சைமும் கொழுப்பில் தொங்கும் சர்க்கரையும் சவ்வுக் குமிழிகளில்தான் இருக்கின்றன. நான் 30,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 30,000 மடங்கு விசையில்) சுற்றுகிறேன். குமிழிகளையே வண்டலோடு கொட்டிவிடுகிறேனோ? 12,000 ஜி-யில் நிறுத்தியவர்கள் யாராவது உண்டா? செல்லை ஒலியலையால் உடைக்கும் சோனிகேட்டரா, அழுத்தத்தால் உடைக்கும் ஹோமோஜெனைசரா, எதில் உடைத்தீர்கள்? சாற்றில் சர்க்கரை இருக்கிறதா என்று சர்க்கரையில் ஒட்டும் புரதமான சோயா லெக்டின் வைத்துப் பார்த்தவர்களும் சொல்லுங்கள். டிஎன்ஏ வரிசையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள்!