பதில்: தாரா சிலை கொழும்புக்கா, கிழக்குக்கா?

வணக்கம் உறவுகளே,

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் தாரா சிலையை இலங்கைக்குத் திருப்பிக் கேட்பது பற்றி டொராண்டோ அண்ணன் போன கிழமை கேட்டதற்குப் பதில் இது. "அங்கே பத்திரமாகத்தானே இருக்கு, எதுக்குத் திருப்பிக் கேக்கிறீங்க?" என்று எழுதியிருந்தார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை இப்படிக் கேட்டால் சட்டென்று மறுக்க வாய் வராது. ஆனாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

பார்க்காதவர்களுக்கு: பௌத்தப் பெண் தெய்வமான தாரா பிரிட்டிஷ் மியூசியத்தின் 33ஆம் அறையில் நிற்கிறாள். எட்டாம் நூற்றாண்டு வெண்கலம், பொன்முலாம், 143 செ.மீ. உயரம். வலது கை வரம் கொடுக்கிறது. இடது கையில் தாமரை இருந்திருக்கும், இப்போது விரல்கள் மட்டும் வளைந்து நிற்கின்றன. உயர்த்திக் கட்டிய கொண்டையில் கல் பதித்த குழிகள் வெறுமையாக இருக்கின்றன. இடுப்புக்கு மேல் ஆடை இல்லை என்று வெகுகாலம் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள். கொண்டுபோனதும் அவர்கள், வெட்கப்பட்டதும் அவர்கள்!

கிடைத்த இடம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரை என்கிறார்கள். அதாவது நம்ம வெருகல், வாகரைப் பக்கம். 1830இல் மியூசியத்துக்கு அன்பளிப்புச் செய்தவர் ரொபர்ட் பிரவுன்றிக். 1815இல் கண்டியைப் பிடித்த, 1818இல் ஊவா கிளர்ச்சியை நசுக்கிய அதே தேசாதிபதி. அப்படிப்பட்டவரிடம் "இது யாருடைய சாமான்?" என்று கேட்க அன்றைக்கு யாருக்குத் துணிவு இருந்திருக்கும்?

பத்திரம் என்ற கதைக்கு வருவோம். அந்த மியூசியத்திலேயே ஏறத்தாழ 2000 பொருட்கள் களவு போயோ, காணாமற்போயோ, சேதமாகியோ இருந்தது 2023இல் வெளியே வந்து, இயக்குநர் பதவி விலகினார். அதை விடுங்கள். என் வீட்டுக் கூரை ஒழுகுது என்பதற்காக அடுத்த வீட்டுக்காரர் என் நகையை வைத்துக்கொள்ள முடியுமா?

பொருட்களைத் திருப்பிக் கொடுக்க விடாமல் 1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியச் சட்டம் கையைக் கட்டியிருக்கிறது என்பார்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டம்தானே, மாற்றலாம். கண்டி அரசனின் சிம்மாசனம் 1934இலேயே திரும்பி வந்தது. ஒல்லாந்தர் 1765இல் கண்டியில் சூறையாடிய லேவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் கொடுத்துவிட்டது.

நமக்குள் உள்ள உண்மையான பயம் வேறு. திரும்பினால் கொழும்புக்குத்தான் போகும். அதுவும் கிழக்கில் கிடைத்த பௌத்தச் சிலை. 2020இல் கிழக்குத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி போட்டபோது முதலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் அதற்காக அவள் லண்டனிலேயே நிற்கட்டும் என்றால், பௌத்தம் என்றாலே நம்முடையது இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். திருகோணமலைக்குப் பக்கத்து வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் இருந்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளே சொல்கின்றன.

ஆகவே மியூசியத்துக்கு ஒரு கடிதம், கொழும்புக்கு ஒரு கடிதம் என்று எழுதலாம் என நினைக்கிறேன். திருப்பிக் கொடுங்கள் என்பதோடு, ஆண்டில் சில மாதமாவது கிழக்கில் வைக்க வேண்டும், விளக்கப் பலகையில் தமிழும் வேண்டும் என்று கேட்போம். இது என் சொந்தக் கருத்து, சங்கத்தின் முடிவு இல்லை. வரைவை நானே எழுதுகிறேன். கொழும்புப் பெயர் வந்தால் கையெழுத்துப் போடமாட்டோம் என்பவர்கள் இப்போதே எழுதிவிடுங்கள், சித்திரைக் கூட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில் சண்டை பிடிக்க வேண்டாம்.

அன்புடன்,
செயலாளர், லண்டன் கிளை